தாரும் கல்லும்: வீட்டுக் கார் பாதையைப் புதுப்பிக்க முழுமையான வழிகாட்டி

கேட்டிலிருந்து கார் நிற்கும் இடம் வரையுள்ள பாதை வெளுத்துப்போய், அங்கங்கே ஜல்லி பெயர்ந்து கிடக்கிறது. முழுவதையும் கொத்தி எடுத்துவிட்டுப் புதிதாகத் தார்க்கலவை போட வேண்டும் என்றுதான் முதலில் தோன்றும். அடித்தளம் உறுதியாக இருந்தால் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. திரவத் தாரைத் தெளித்து, அது இறுகுவதற்குள் மேலே சிறு ஜல்லியைப் பரப்பி, உருட்டி அழுத்தினால் போதும். அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதியில் இதை ‘ஆயில் அண்ட் ஸ்டோன்’ என்பார்கள். பிரிட்டனில் ‘சர்ஃபேஸ் டிரெஸ்ஸிங்’, இன்னும் பல நாடுகளில் ‘சிப் சீல்’. பெயர் மாறினாலும் வேலை ஒன்றுதான்.

பெயரில் ‘ஆயில்’ என்று இருப்பதால் ஒரு குழப்பம் வரும், அதை இங்கேயே தீர்த்துவிடலாம். இது எஞ்சின் ஆயில் கிடையாது. கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கும்போது அடியில் தங்கும் பிட்டுமின்தான் இது. பேச்சுவழக்கில் நாம் தார் என்கிறோம். பழைய எஞ்சின் ஆயிலைத் தூசி அடங்கட்டும் என்று பாதையில் ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். அது இறுகவே இறுகாது. ஏற்கெனவே இருக்கும் தாரையும் இளக்கிவிடும், மண்ணையும் நிலத்தடி நீரையும் கெடுக்கும்.

ஒரு கல் தடிமன்

வேலையில் இறங்குவதற்கு முன்னால் ஒன்றை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். நீங்கள் போடப்போகும் மேற்பரப்பு ஒரே ஒரு கல் தடிமன் கொண்டது. சக்கரம் ஓடுவது கல்லின் மேல். தார் அந்தக் கல்லைப் பிடித்துவைக்கும் பசை. ஒரு கல்லின் மேல் இன்னொரு கல் ஏறி உட்கார்ந்தால் மேலே உள்ளதற்குப் பிடிமானம் இல்லை, அது பெயர்ந்துதான் போகும். தார் அதிகமானால் கல் முழுகிவிடும். குறைந்தால் கல் கழன்றுவிடும். இந்த வேலையில் நடக்கும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த ஒன்றை மறப்பதால் வருபவை.

கணக்குப் போட்டு இதைச் செய்யக் கற்றுக்கொடுத்தவர் நியூசிலாந்துப் பொறியாளர் எஃப். எம். ஹான்சன். 1930-களின் நடுவில் அவர் கவனித்தது இது: புதிதாகக் கொட்டிய சிறுஜல்லியில் ஏறக்குறைய பாதி வெற்றிடம். ரோலர் ஓடியதும் அது சுமார் 30 சதவீதமாகக் குறைகிறது. வண்டிகள் ஓட ஓடக் கற்கள் புரண்டு தட்டையான பக்கத்தில் படுத்து, கடைசியில் 20 சதவீதத்தில் வந்து நிற்கிறது. அந்தக் கடைசி வெற்றிடத்தில் 60 முதல் 75 சதவீதம் வரை தார் நிரம்ப வேண்டும் என்றார். இன்றைய கணக்கு முறைகள் பலவற்றுக்கும் இதுதான் அடிப்படை.

உங்கள் பாதைக்கு இது சரிப்படுமா?

இந்தப் பூச்சு தண்ணீர் உள்ளே இறங்காமல் தடுக்கும், வெயிலில் தார் வறண்டுபோவதைத் தடுக்கும், டயருக்குப் பிடிப்புத் தரும். அடித்தளத்துக்கு வலு சேர்க்காது. நடக்கும்போது அமுங்கும் இடம் பூச்சுக்குப் பிறகும் அமுங்கத்தான் செய்யும். முதலைத் தோல் மாதிரி சிறுசிறு கட்டமாக வெடித்த இடங்கள் இருந்தால், கீழே மண் இளகிவிட்டது என்று அர்த்தம். அங்கே மட்டும் வெட்டி எடுத்து, ஜல்லி போட்டுத் திமிசடித்து, தார்க்கலவையால் மூட வேண்டும். இப்படிப்பட்ட இடங்கள் பாதையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போனால், நான் இந்த வேலையைக் கையில் எடுக்கவே மாட்டேன். அந்தப் பணத்தை அடித்தளத்தில் போடுவதே புத்திசாலித்தனம்.

கான்கிரீட் பாதைக்கு இது வேண்டாம். தார் சரியாக ஒட்டாது, கான்கிரீட்டின் இணைப்புக் கோடுகளும் சீக்கிரமே மேலே தெரிய ஆரம்பிக்கும். செங்குத்தான சரிவும் சிக்கல்: இறுகும் முன்பே தார் வழியும், சக்கரம் இழுக்கும் இழுப்பில் கல் நகரும். பனி விழும் ஊர்களில் பனி தள்ளும் இயந்திரத்தின் தகடு கல்லைச் சுரண்டும் என்பதால், தகட்டைத் தரையிலிருந்து கொஞ்சம் தூக்கி வைத்து ஓட்டுவார்கள்.

எந்தத் தார், எந்தக் கல்

தார் மூன்று வடிவில் கிடைக்கும். சூடாக்கி உருக்கும் பிட்டுமினை 150 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடாக இருக்கும்போதே தெளிக்க வேண்டும். வீட்டில் அது வேண்டவே வேண்டாம். ஒரு குவளைத் தண்ணீர் உள்ளே விழுந்தால்கூட நுரைத்துப் பொங்கிவிடும். இரண்டாவது, மண்ணெண்ணெய் போன்ற கரைப்பானில் கரைத்த ‘கட்பேக்’. தீப்பிடிக்கும், புகை நெடி கிளப்பும், பல இடங்களில் கட்டுப்பாடும் உண்டு. மூன்றாவதுதான் நமக்கு: எமல்ஷன். பிட்டுமினை நுண்துளிகளாக்கித் தண்ணீரில் மிதக்கவிட்ட திரவம். இதில் மூன்றில் இரண்டு பங்கு பிட்டுமின், மீதி பெரும்பாலும் தண்ணீர். கடையில் கேட்கும்போது சிப் சீலுக்கான, சீக்கிரம் இறுகும் வகை என்று சொல்லிக் கேளுங்கள். சிஆர்எஸ்-2 என்ற பெயர் பரவலாகப் புழக்கத்தில் உள்ளது. அதில் பாலிமர் சேர்த்தது சிஆர்எஸ்-2பி. வண்டி திரும்பும் இடம் அதிகமுள்ள பாதை என்றால் பாலிமர் வகைக்குக் கூடுதலாகக் கொடுக்கலாம், தப்பில்லை.

எமல்ஷனைத் தெளிக்கும்போது பழுப்பாக இருக்கும். தண்ணீர் பிரிந்து பிட்டுமின் துளிகள் ஒன்றுசேர்ந்ததும் கறுப்பாகிவிடும். இந்த நிற மாற்றத்தைத்தான் ‘உடைதல்’ என்கிறார்கள். பழுப்பு கறுப்பாகும் முன் கல் விழுந்துவிட வேண்டும். அன்றைக்கு உங்களுக்குக் கடிகாரம் அதுதான்.

கல் விஷயத்தில் நான்கு குணங்கள் பாருங்கள். உடைத்த கல்லாக இருக்க வேண்டும். ஆற்றுக் கூழாங்கல் உருண்டு ஓடிவிடும். எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவாக இருக்க வேண்டும், ஏனென்றால் பெரியதும் சின்னதும் கலந்தால் சின்னது தாரில் முழுகும், பெரியது தாருக்கு மேலே துருத்தி நின்று பெயரும். சப்பையாக இல்லாமல் கனசதுரம் மாதிரி இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, தூசி இருக்கக்கூடாது. கைநிறைய அள்ளிக் கீழே போட்டபின் உள்ளங்கை மாவு பூசியதுபோல் வெளுத்திருந்தால் அந்தக் கல் வேண்டாம். தார் முதலில் தூசியைத்தான் பிடிக்கும், கல்லைப் பிடிக்காது. அதே கல்தான் வேண்டும் என்றால் சல்லடையில் போட்டுத் தண்ணீரில் அலசுங்கள். எமல்ஷனுக்குக் கல் லேசாக ஈரமாக இருந்தால் பரவாயில்லை, சொல்லப்போனால் நல்லதுதான். சொட்டச் சொட்ட இருக்கக்கூடாது.

ஏற்கெனவே தார் உள்ள பாதைக்கு 10 மில்லிமீட்டர் கல், ஒரே அடுக்கு. வெறும் கிராவல் பாதை என்றால் இரண்டு அடுக்கு: கீழே 12 அல்லது 13 மில்லிமீட்டர், மேலே அதில் பாதி அளவு. சின்னக் கற்கள் பெரியவற்றின் இடுக்குகளில் ஆப்பு அடித்தாற்போல உட்கார்ந்துகொள்ளும்.

அளவுக் கணக்கு

10 மில்லிமீட்டர் கல்லுக்குச் சதுர மீட்டருக்கு 1.5 முதல் 2 லிட்டர் எமல்ஷன், 10 முதல் 14 கிலோ கல் என்பது தொடக்க அளவு. பழைய தரை வறண்டு சொரசொரப்பாக இருந்தால் தாரைக் குடிக்கும், மேல் அளவுக்குப் போங்கள். வழவழப்பாகத் தார் மினுங்கும் தரையானால் கீழ் அளவு போதும்.

15 மீட்டர் நீளமும் 3.5 மீட்டர் அகலமும் உள்ள பாதையை எடுத்துக்கொள்வோம். பரப்பு 52.5 சதுர மீட்டர். 1.7 லிட்டர் வீதம் ஏறக்குறைய 90 லிட்டர் எமல்ஷன். 12 கிலோ வீதம் 630 கிலோ கல். சிதறலுக்குப் பத்து சதவீதம் சேர்த்தால் 700 கிலோ.

கல்லின் அளவை ஊகத்துக்கு விட வேண்டாம், கையிலேயே சோதிக்கலாம். ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் பலகையில் கற்களை ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல், நெருக்கமாக ஒரே அடுக்காகப் பரப்புங்கள். பிறகு அப்படியே வழித்து எடுத்து எடை போடுங்கள். கிடைப்பதுதான் உங்கள் கல்லுக்கான உண்மையான அளவு. கால் மணி நேர வேலை. இதைச் செய்யாமல் போனால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்: முதல் தடவை ‘நிறையப் போட்டால் நிறையப் பிடிக்கும்’ என்று அள்ளி இறைத்தேன். மறுநாள் பெருக்கியதில் பாதி குப்பையாக வந்தது. போகட்டும் என்று விட்டிருப்பேன். ஆனால் உருட்டும்போது மேலே கிடந்த அந்தக் கற்கள் கீழே ஒட்டியிருந்ததையும் நெம்பி எடுத்திருந்தன.

தயாரிப்பு: ஒரு வாரத்துக்கு முன்பே

நல்ல மழை பெய்து ஓய்ந்ததும் சாக்பீசோடு வெளியே போங்கள். தண்ணீர் தேங்கும் இடங்களைச் சுற்றிக் கோடு போடுங்கள். காய்ந்தபின் எந்தக் கண்ணும் கண்டுபிடிக்காத பள்ளங்கள் அப்போது தெரியும். ஒரு கல் தடிமன் பூச்சால் வாட்டம் சரியாகாது. பள்ளங்களைத் தார்க்கலவையால் நிரப்பித் திமிசடியுங்கள். தண்ணீர் பக்கவாட்டில் வடிய, 50-க்கு 1 என்ற வாட்டமாவது வேண்டும். மூட்டையில் வரும் குளிர்கலவை பயன்படுத்தினால், அதற்குள் இருக்கும் கரைப்பான் ஆவியாகச் சில வாரங்கள் ஆகும், அதனால் அந்த வேலையை இன்னும் முன்பே முடித்துவிடுங்கள். அவசரப்பட்டு மூடினால் அந்த இடம் மட்டும் வெயிலில் கசியும்.

விரிசலில் முளைத்த புல்லை வேரோடு பிடுங்குங்கள். 6 மில்லிமீட்டருக்கு மேல் அகலமான விரிசல்களைச் சுத்தம் செய்து, விரிசல் நிரப்பியை ஊற்றித் தரைமட்டத்துக்கு வழித்துவிடுங்கள். மேடாக விட்டால் அந்தக் கோடு பூச்சுக்கு மேலேயும் தெரியும். மயிரிழை விரிசல்களை எமல்ஷனே பார்த்துக்கொள்ளும்.

காரிலிருந்து ஆயில் சொட்டிய கறைகளைச் சோப்புத்தூள் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். நகத்தால் கீறினால் குழையும் அளவுக்குத் தார் இளகியிருந்தால், அந்தத் துண்டை வெட்டி எடுத்து நிரப்புவதே வழி.

ஓரங்களை யாரும் கண்டுகொள்வதில்லை. பாதையின் விளிம்பில் படர்ந்திருக்கும் மண்ணையும் புல்லையும் மண்வெட்டியால் நேர்கோடாக வெட்டி ஒதுக்குங்கள். பூச்சு பெயர ஆரம்பிப்பது பெரும்பாலும் ஓரத்தில்தான். விளிம்புக் கல் பதிக்க எண்ணமிருந்தால் இப்போதே பதித்துவிடுங்கள்.

கிராவல் பாதைக்கு வேலை கூடுதல். மேடுபள்ளத்தைச் சீவி, நடு உயர்ந்து இரு பக்கமும் சரியும்படி வாட்டம் கொடுத்து, லேசாக நனைத்து, இயந்திரத்தால் நன்றாகக் கெட்டிப்படுத்த வேண்டும். அதன்மேல் நீர்த்த தாரைப் பிரைம் கோட்டாக, அதாவது அடிப்பூச்சாகத் தெளித்து, உள்ளே இறங்கிக் காயும்வரை ஒரு நாளாவது விடுங்கள்.

பூச்சு போடும் அன்று காலையில் கெட்டித் துடைப்பத்தால் இரண்டு முறை பெருக்கி, காற்றடிக்கும் இயந்திரம் இருந்தால் ஊதிவிடுங்கள். சுவர், கதவு, படிக்கட்டு எல்லாவற்றையும் தரையிலிருந்து முழங்காலுக்குச் சற்று மேல் வரை பிளாஸ்டிக் தாளால் மறையுங்கள். பக்கத்தில் வடிகால் வாய் இருந்தால் மூடிவையுங்கள், எமல்ஷன் அதில் இறங்கக்கூடாது.

எந்த நாள்?

வெயிலும் வறண்ட காற்றும் உள்ள நாள். வெப்பநிலை 10 டிகிரிக்கு மேல் இருந்து, இன்னும் ஏறிக்கொண்டிருக்க வேண்டும். காலை பத்து மணிக்குத் தொடங்கினால் மாலைக்குள் தண்ணீர் பிரிய நேரம் கிடைக்கும். அன்றும் மறுநாளும் மழை வாய்ப்பு இருந்தால் ஒத்திப்போடுங்கள். உடையாத எமல்ஷன்மேல் மழை விழுந்தால் பழுப்புத் தண்ணீராகத் தெரு முழுக்க ஓடும். அப்புறம் அக்கம்பக்கத்தாருக்குப் பதில் சொல்லி மாளாது.

அந்த நாள்

குறைந்தது மூன்று பேர் வேண்டும்: தெளிக்க ஒருவர், கல் வீச ஒருவர், உருட்ட ஒருவர். கல்லை முன்கூட்டியே பாதையின் இரு ஓரமும் சிறு குவியல்களாகக் கொட்டிவையுங்கள். தார் தெளித்த பிறகு தள்ளுவண்டியோடு ஓட நேரம் இருக்காது.

எமல்ஷன் 50 முதல் 85 டிகிரி சூட்டில் நன்றாகத் தெளிக்கும். ஆறிப்போனால் கட்டியாகிக் கோடு கோடாக விழும். கையால் பிடித்துத் தெளிக்கும் குழாயோடு கூடிய டிரம்மை வாடகைக்கு எடுப்பது நல்லது. பூவாளி போன்ற துளைத் தகரத்தால் ஊற்றுவதும் உண்டு. சிறிய ஒட்டுப்போடலுக்குச் சரி, முழுப் பாதைக்குச் சீராக வராது. நூறு சதுர மீட்டரைத் தாண்டினால் தெளிப்பு வண்டி வைத்திருக்கும் ஆட்களைக் கூப்பிடுவதுதான் நல்லது என்பேன்.

முழுக்கைச் சட்டை, கையுறை, கண்ணாடி, கனமான காலணி கட்டாயம். சூடான தார் தோலில் பட்டால் உரிக்காதீர்கள். குறைந்தது இருபது நிமிடம் குளிர்ந்த நீரில் காட்டிவிட்டு, ஒட்டியது ஒட்டியபடியே மருத்துவரிடம் போங்கள்.

தெளிப்பின் வேகத்தை முதலில் வாளியில் பழகுங்கள். ஒரு லிட்டர் நிரம்ப எத்தனை விநாடி என்று பாருங்கள். ஐந்து விநாடி என்று வைத்துக்கொள்வோம். 2 மீட்டருக்கு 1 மீட்டர் கட்டம் ஒன்றைத் தரையில் வரையுங்கள். அதற்கு 3.4 லிட்டர் தேவை, அதாவது 17 விநாடி. அந்தக் கட்டத்தைச் சரியாக 17 விநாடியில் மூடும் நடைவேகம் கைவந்ததும் வேலையைத் தொடங்குங்கள்.

வீட்டுப் பக்கத்தில் தொடங்கி கேட்டை நோக்கிப் பின்வாங்கி வாருங்கள். இல்லாவிட்டால் உள்ளே மாட்டிக்கொள்வீர்கள். தொடங்கும் இடத்தில் தடித்த தாளை விரித்து, தெளிப்பைத் தாளின் மேலேயே ஆரம்பியுங்கள். குழாய் முதலில் துப்பும் திட்டுகள் தாளோடு போய்விடும், கோடும் நேராக வரும். முடியும் இடத்திலும் அப்படியே.

ஒரு தடவைக்கு மூன்று, நான்கு மீட்டர் நீளம் போதும். தெளித்த தார் தரையில் சீரான படலமாக நிற்க வேண்டும். வழிந்தால் அதிகம், பழைய தரை தெரிந்தால் குறைவு. உடனே கல். மண்வெட்டியில் அள்ளி விசிறினாற்போல் வீச வேண்டும். குவியலாகக் கொட்டித் தள்ளிப் பரப்பினால் கல்லின் எல்லாப் பக்கமும் தார் அப்பிக்கொள்ளும், பிறகு டயரில் ஒட்டும். கற்களுக்கு நடுவே அங்கங்கே பழுப்புப் புள்ளி தெரிகிறதா? சரியான அளவுதான். அதைப் பார்த்துப் பதறி மேலும் கல் வீசாதீர்கள். இரண்டு பட்டையாகத் தெளிக்கிறீர்கள் என்றால் நடுவில் ஒரு சாண் அகலத்துக்குக் கல் போடாமல் விடுங்கள். அடுத்த பட்டையின் தார் அதன்மேல் சேர்ந்த பிறகு மூடினால் இணைப்புக் கோடு தெரியாது.

கல் விழுந்த சில நிமிடங்களுக்குள் உருட்டல். சாலை வேலையில் ரப்பர் டயர் ரோலரைத்தான் விரும்புவார்கள். இரும்பு உருளை மேட்டில் உள்ள கல்லை நொறுக்கும், பள்ளத்தில் உள்ளதைத் தொடாமலே போகும். வீட்டில், தண்ணீர் நிரப்பிய புல்வெளி உருளையை நடை வேகத்துக்கும் மெதுவாக மூன்று முறை ஓட்டுங்கள். அதிர்ந்து அழுத்தும் இயந்திரம் தேவையில்லை. பிறகு காரை முன்னும் பின்னும் நேர்கோட்டில், தடம் மாற்றி மாற்றி ஊர்ந்து போகவிடலாம். ஸ்டீயரிங்கைத் திருப்பாதீர்கள், பிரேக்கை மெதுவாக மிதியுங்கள். உருளையில் தார் ஒட்ட ஆரம்பித்தால் நிறுத்திவிட்டு, அந்த இடத்தில் ஒரு கைப்பிடி கல் தூவுங்கள்.

இரண்டாம் அடுக்கு இருந்தால், முதல் அடுக்கு இறுகி, உதிரிக் கல்லைப் பெருக்கிய பின் இதையே சின்னக் கல்லோடு திரும்பச் செய்ய வேண்டும். மறுநாள் செய்வது வசதி.

முதல் சில வாரங்கள்

உருட்டி முடித்தபின் ஒரு நாள் முழுக்கக் கார் வேண்டாம். கடும் வெயில் என்றால் இரண்டு நாள். மறுநாள் காலை, தரை குளிர்ந்திருக்கும்போது மென்மையான துடைப்பத்தால் உதிரிக் கற்களை ஒதுக்குங்கள். அழுத்திப் பெருக்கக் கூடாது. உதிரி கொஞ்சம் கிடப்பது இயல்பு. இரண்டு வாரம் கழித்து ஓரத்தில் சேர்ந்தவற்றைச் சக்கரத் தடத்துக்குத் தள்ளிவிடுங்கள், அதில் சில ஒட்டிக்கொள்ளும். ஒரு மாதத்தில் மிச்சத்தை அள்ளிவிடலாம்.

புதுப் பூச்சுக்கு முதல் எதிரி, நின்ற இடத்திலேயே ஸ்டீயரிங்கை ஒடிப்பது. கார் நகர்ந்துகொண்டிருக்கும்போது மட்டும் திருப்புங்கள். இருசக்கர வண்டியின் ஸ்டாண்டுக்கு அடியில் ஒரு பலகைத் துண்டு வையுங்கள். பாரவண்டிகளை வெளியிலேயே நிறுத்தச் சொல்லுங்கள்.

கோளாறு வந்தால்

சக்கரத் தடத்தில் கறுப்பு மினுமினுப்பு எழுந்து டயரில் பிசுபிசுத்தால் தார் மிஞ்சிவிட்டது. சுரண்டாதீர்கள். நண்பகல் சூட்டில் சுத்தமான உலர்ந்த சின்னக் கல்லைத் தூவி உருட்டுங்கள். தேவைப்பட்டால் அடுத்த வெயிலிலும்.

கல் தொடர்ந்து கழன்று வந்தால் தார் போதவில்லை, அல்லது கல்லில் தூசி இருந்திருக்கிறது. பெருக்கிவிட்டு, மெதுவாக இறுகும் வகை எமல்ஷனைச் சம அளவு தண்ணீர் கலந்து மெல்லிய பனித்துளிபோலத் தெளித்தால் மிஞ்சிய கற்கள் நிற்கும். சீக்கிரம் இறுகும் வகையில் தண்ணீர் கலக்கக் கூடாது, வாளியிலேயே திரிந்துவிடும். வரி வரியாகக் கல் பெயர்ந்திருந்தால் தெளிப்புமுனை அடைத்திருந்தது என்று அர்த்தம். அந்த வரிகளை மட்டும் ஒட்டுப்போட்டால் போதும்.

ஆள் வைத்துச் செய்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ‘பக்கத்துத் தெரு வேலையில் மிஞ்சிய தார் இருக்கிறது, இன்றே போட்டுத் தருகிறோம்’ என்று கதவைத் தட்டுகிறவர்களை அனுப்பிவிடுங்கள். பல நாடுகளில் பழகிப்போன ஏமாற்று இது. நல்ல ஆள் என்றால் எமல்ஷன் வகை, சதுர மீட்டருக்கு எத்தனை லிட்டர், கல்லின் அளவு, அலசிய கல்லா, எத்தனை அடுக்கு என்ற கேள்விகளுக்குத் தயங்காமல் பதில் சொல்வார். பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

வீட்டு உபயோகத்தில் இந்தப் பூச்சு ஏழிலிருந்து பத்து ஆண்டு வரை தாக்குப்பிடிக்கும். கற்கள் உதிர்ந்து கீழே உள்ள பழைய தரை தெரியத் தொடங்கியதும் இதன்மேலேயே இன்னொரு அடுக்கு போடலாம். மிஞ்சிய கல்லில் இரண்டு மூட்டையை மழை படாத மூலையில் கட்டி வையுங்கள். முதல் கோடையில் தார் கசியும் மதியம் ஒன்று வரும், அன்றைக்கு அதே அளவில் அதே நிறக் கல்லைத் தேடி அலைய முடியாது.